மெஷின் என்று பூட்டிய விருந்தாளி

கோபிசெட்டிபாளையத்தில் மங்கையர்க்கரசி அம்மாவின் வீட்டு மாடிக்கு மாலையில் தியானம் பழகப் பத்துப் பேராவது வருவார்கள். கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, மனம் லேசாகிப் போவார்கள். அவர்களில் குணபாலன் குருவான அம்மாவைவிட வயதில் மூத்தவர். கண்ணை மூடினாலும் கால் ஆட்டுவதை நிறுத்தத் தெரியாதவரும் அவர் ஒருவர்தான்.

அன்று எல்லோரும் இறங்கிப் போனதும் அவர் அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார் அம்மா.

"கோவிச்சுக்கக் கூடாதுங்கம்மா. நான் ஒரு வெப்சைட் ஆரம்பிச்சிருக்கேன். விளையாட்டு வெப்சைட். கலகலப்பெட்டின்னு பேரு."

"இதுல கோவிச்சுக்க என்னங்க இருக்குது?"

"தியானத்துக்கு வர்றவன் விளையாட்டுக் கடை போட்டிருக்கானேன்னு நினைச்சுட்டா? அதனால உங்ககிட்ட மட்டும் சொல்லலைங்க."

அந்த 'மட்டும்' சத்தியமான உண்மை. மற்றபடி ஊரில் அவர் சொல்லாத ஆளே கிடையாது. ஆட்டோக்களின் முதுகில் போஸ்டர். டீக்கடைப் பேப்பர் கப்பில் முகவரி. வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்தோடு லிங்க்கையும் சேர்த்து அனுப்பி, சொந்தக்காரர்கள் குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டிருந்தார். பேருந்து நிலையத்தில் ஆட்டு வேஷம் போட்டு ஆடி, வீடியோ எடுத்தும் போட்டார். வேஷத்துக்குள் இருந்தது அவரேதான். பாவம், அந்த வெயிலில்.

"ஆளுங்க வர்றாங்களா?"

"வர்றாங்க. வந்த வேகத்துல போயிடறாங்க. கூட்டாளி ரியாஸுக்குப் பெங்களூருல வேலை கிடைச்சிருக்குது. நாளைக்குள்ள பதில் சொல்லோணுமாம். அவன் போயிட்டா மூடிட வேண்டியதுதானுங்க. சோறு தண்ணி மறந்து ரெண்டு பேரும் செஞ்சதுங்கம்மா." பெருமூச்சு விட்டார். "ஆளுங்களை வரவைக்க என்னதான் வழிங்க?"

"வந்தவங்கள்ல ஒருத்தர்கூட நிக்கலையா?"

"இல்லைங்க. ஒண்ணு நின்னுச்சு. ஆனா அது ஆளு இல்லை, மெஷின்."

"மெஷினா?"

"ஆளு மாதிரியே கம்ப்யூட்டர் புரோகிராம் வருங்கம்மா, எத்தனை பேர் வர்றாங்கங்கற எங்க கணக்கையெல்லாம் கெடுக்கறதுக்கு. இது தினம் மத்தியானம் வரும். பரிசல் ஆட்டம் ஒண்ணைத்தான் ஆடும். ஆட்டையும் வாழைத்தாரையும் சேர்த்து விட்டுடாம, சாமானையெல்லாம் பரிசல்ல ஏத்தி அக்கரை சேர்க்கோணும். ஆடு வாழையைத் தின்னுடும். மறுபடி முதல்லருந்து ஆடும். மணிக்கணக்கா! பக்கத்துல பரிசுச் சக்கரம் சுத்தும், விளம்பரம் குதிக்கும், ஒண்ணைக்கூடத் தொடாது. மனுஷன் அப்படி இருப்பானுங்களா?"

"என்ன பண்ணுனீங்க?"

"உள்ளயே வர முடியாதபடி பூட்டிட்டேன்" என்றார் குணபாலன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

திரையில் இரண்டே வரிகள். நீங்கள் ஓர் இயந்திரம் எனத் தெரிகிறது. உங்களுக்கு அனுமதி இல்லை.

அது குணபாலன் தன் கையாலேயே தட்டச்சு செய்த வாசகம். காது வரைக்கும் அவருக்குச் சூடேறியது.

"அம்மா... நீங்களா?"

"டீ கப்புல பார்த்தேன். உங்களுதுன்னு இப்பத்தான் தெரியும்."

"நல்லா... இருந்துச்சுங்களா?"

"அந்த ஆடு இருக்குதே, வாழைத்தாரைத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பிப் பார்க்குமே, படுபாவி!" அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார். "என்னைய ஏனுங்க மெஷின்னு நினைச்சீங்க?"

"இதைப் போய் ஒருத்தர் அவ்வளவு நேரம் ஆடுவாங்களான்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வாய் நின்றுவிட்டது.

குணபாலன் தன் போனில் எதையெதையோ தேடித் தட்டிப் பூட்டைத் திறந்தார். அவசரத்தில் கடவுச்சொல் தப்பித் தப்பிப் போனது. திறந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து ஆட ஆரம்பித்தார். ஆடு தின்றது. "அட நாசமாப் போறவனே" என்று அதைத் திட்டிவிட்டு மறுபடி பரிசலை இழுத்தார்.

தான் செய்த ஒன்றை ஒருவர் ரசித்து ஆடுவதைக் குணபாலன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் எண்ணிக்கைகள்தான். அந்த ஆட்டின் கள்ளப் பார்வை சரியாக வருவதற்கு ரியாஸ் எத்தனை நாள் மெனக்கெட்டான் என்பது நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது.

அவருடைய போன் அடித்தது. ரியாஸ்தான்.

"இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்பானுங்கம்மா. நான் என்ன சொல்றது?"

அம்மா பரிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தர் இன்னும் போகலைன்னு சொல்லுங்க."