பம்பாயில் மணி எட்டு

மில் முதலாளி வேங்கடபதி பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பவர். எல்லா நாட்டு நேரத்தையும் காட்டும் ஒன்றை, டிபனுக்கு வந்த நண்பர்களிடம் நீட்டினார்.

"லண்டன் நேரத்தில் ஓடுது. எந்த ஊர் நேரமும் தப்பாது. தப்புன்னு காட்டினால் காட்டினவருக்கே இது."

கடிகாரங்களுக்குத் தினமும் சாவி கொடுக்கும் சவரிமுத்து, பஸ்ஸைத் தவறவிட்டு, எட்டு மணிக்குப் பதில் எட்டரைக்கு வந்து நின்றான்.

"இன்னியோட உனக்கு வேலை இல்லை."

"முதலாளி, அதுல நம்ம நாட்டுக்குப் பம்பாய்னு போட்டிருக்கு. மணி என்னன்னு பாருங்க."

லண்டனுக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தை, கடிகாரத்தைச் செய்தவன் ஐந்தாகவே பொறித்திருந்தான். பம்பாய்க்கு நேரே எட்டு.

நண்பர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கடிகாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நேரத்துக்குத்தான் வந்திருக்க. போய் சாவி கொடு."

சவரிமுத்து சாவி கொடுக்கப் போனான்.