பூட்டிய மாடியில் நின்றுபோன நெட்டு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இன்டர்நெட்டு அடிக்கடி நின்றது. யாரோ வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள் என்று அந்த வீட்டுப் பெண் நம்பினாள். யார் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபடுகிறதா பாருங்கள்.

அவள் பெயர் மாரிச்செல்வி. கணவன் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். இரண்டு வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டு வெளி வேலைக்குப் போக முடியாது. அதனால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே போன் எடுத்து, நோயாளிகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுத்தாள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பம். போன் வருவதே நெட்டு வழியாகத்தான்.

அந்தத் தெருவுக்கு இன்னும் ஃபைபர் கேபிள் வரவில்லை. ரபீக் என்ற பையன் மொட்டைமாடியில் ஒரு சின்ன டிஷ் மாட்டிக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு டவரிலிருந்து கம்பியில்லாமல் நெட்டு வரும்.

"இதுவும் அந்த டவரும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும்க்கா. அவ்வளவுதான்" என்றான்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை. நெட்டு ஒரு நாளும் நிற்கவில்லை. மார்கழிக் கடைசியில் நல்ல வெயில் வந்தது. தொல்லையும் வந்தது. காலை ஒன்பதரை வாக்கில், வீட்டுக்குள் இருக்கும் நெட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். மதியம் ஒரு மணிக்கு மேல் தானாகப் பச்சைக்கு மாறும். சாயங்காலம் ரபீக் வந்து பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லா இருக்கேக்கா" என்று தலையைச் சொறிவான்.

மாரிச்செல்வி நெட்டு நின்ற நாட்களைக் காலண்டரில் சுழித்து வைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. எல்லாம் குழாயில் தண்ணீர் வரும் நாள்.

தண்ணீர் நாளில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குடம் நிரப்பி, டிரம் நிரப்பி, குழந்தை நனைத்த ஜமுக்காளத்தையும் விரிப்பையும் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டு, ஓடிவந்து ஹெட்போனை மாட்டுவாள். அந்த நாளில் மாடிப் பக்கம் வேறு யார் வருகிறார்கள் என்று கவனித்தாள். இரண்டு பேர் வந்தார்கள்.

ஒன்று, மேல்வீட்டில் குடியிருக்கும் அந்தோணியம்மாள். தொட்டி நிரம்பியதா என்று பார்க்க மாடிக்கு ஏறுவாள். சீரியல் பார்க்க நெட்டுக்குப் பாஸ்வேர்டு கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் மாரிச்செல்வி கொடுக்கவில்லை. அன்றிலிருந்து முகம் சரியில்லை.

இன்னொன்று, ஃபைபர் கேபிளுக்கு ஆள் சேர்க்கும் காசிராஜன். பத்து வீடு சேர்ந்தால்தான் தெருவுக்குக் கேபிள் இழுப்பார்களாம். ஒன்பது வீடு சேர்ந்துவிட்டது. தண்ணீர் நாள் தவறாமல் ஏணியோடு வந்து, எதிர்க் கம்பத்தில் மாடி உயரத்துக்கு ஏறி நிற்பான்.

"காத்துல வர்றதை நம்பலாமா தங்கச்சி? கேபிள்னா கையில பிடிச்சுப் பாக்கலாம்" என்பான். அவன் சிரிக்கிற சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு தண்ணீர் நாள் மட்டும் தப்பியது. அன்று அவளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுப் போனாள். மாரிச்செல்வி படுத்தபடியே போன் எடுத்தாள். அந்தோணியம்மாள் மாடிக்குப் போனாள். காசிராஜனும் கம்பத்தில் ஏறினான். ஆனாலும் பச்சை விளக்கு அணையவில்லை. காய்ச்சல்காரி என்று பாவம் பார்த்தார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மேற்பார்வை அம்மா பேசினார். "இன்னொரு தடவை கால் மணி நேரத்துக்கு மேல லைன் போச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவோம்மா. நோயாளிங்க காத்துக் கெடக்காங்க."

அடுத்த தண்ணீர் நாள் விடிந்ததும் மாரிச்செல்வி மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மாடிச் சாவியைத் தாங்கக்கா. இன்னைக்கு மட்டும்."

"ஏட்டி, உன் டிஷ்ஷைக் கடிச்சுத் தின்னுருவேன்னு நெனைக்கியா?" என்று கேட்டுவிட்டு அந்தோணியம்மாள் சாவியை எறியாத குறையாகக் கொடுத்தாள்.

காசிராஜனிடமும் போய், "அண்ணே, இன்னைக்குக் கம்பத்துல ஏறாதீங்க" என்றாள். அவன் முகம் சுருங்கியது. ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில், அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே உட்கார்ந்தான்.

தண்ணீர் பிடித்து, துவைத்து, எல்லாம் முடித்துக் கீழே இறங்கினாள். மாடிக் கதவைப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் மாட்டிக்கொண்டாள். வேறு சாவி கிடையாது. ஒன்பதரைக்கு ஹெட்போனை எடுத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

பதறிப்போய்ப் பூட்டைத் திறந்து மேலே ஓடினாள். மாடியில் ஒரு ஆள்கூட இல்லை. கொடிக்கு அடியில் குனிந்து போய் டிஷ்ஷைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நட்டுகூடக் கழன்றிருக்கவில்லை.

வாசித்தவர்களே, மாடியைப் பூட்டிய பிறகும் நெட்டை நிறுத்தியது யார்?

விடை: மாரிச்செல்விதான். டிஷ்ஷுக்கும் டவருக்கும் நடுவில் அவள் கட்டிய கொடியில், தண்ணீர் சொட்டச் சொட்ட ஜமுக்காளம் தொங்கியது. ஈரத் துணியைத் தாண்டி அந்தச் சிக்னல் வராது. மதியம் துணி காய்ந்ததும் வரும். மழை மாதத்தில் துணி வீட்டுக்குள் காய்ந்தது. காய்ச்சலன்று அவள் துவைக்கவே இல்லை. தண்ணீர் நாளில்தான் தெருவில் பெண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று காசிராஜன் ஆள் சேர்க்க வந்தான்; கம்பத்தில் ஏறியது கேபிளுக்கு அளவு பார்க்க. வேறொன்றும் இல்லை. டிஷ்ஷைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது டவர் அவள் கண்ணுக்கும் தெரியவில்லை, ஜமுக்காளம்தான் தெரிந்தது. உருவி எடுத்தாள். கீழே பச்சை விளக்கு எரிந்தபோது பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில், சாவியைத் திருப்பிக் கொடுக்க மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள். "என்னட்டி, ஆளைப் பிடிச்சியா?" என்றாள் அந்தோணியம்மாள். "பிடிச்சிட்டேன்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் மாரிச்செல்வி. தோளில் இன்னும் ஈரம் காயாத அந்த ஜமுக்காளம் கிடந்தது.