அடைக்கு உட்கார்ந்த அரண்மனைக் கோழி

நெடுவயல் நாட்டை ஆண்ட திருவேங்கட பூபதிக்கு முட்டையை உண்ணத் தெரியும். அது வரும் வழி தெரியாது. அரசர்களிடத்தில் இது பெருங்குறையன்று. அந்த அறியாமையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வழக்காடும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

அப்படிப் பிறந்த வழக்கில் சிக்கியவள் ஒச்சாயி, வியாழக்கிழமைச் சந்தையில் கோழி விற்பவள். கையில் தூக்கினால் கோழியின் வயதைச் சொல்வாள். அடிவயிற்றைத் தடவினால் அது நாளைக்கு முட்டையிடுமா என்று சொல்வாள். சொன்னது தவறியதில்லை. ஆகவே அவள் விலையைக் குறைத்ததுமில்லை. அவள் கொல்லையில் பதினெட்டுக் கோழிகள் இருந்தன. கணவனை இழந்த அவளுக்கு வயலும் அவைதாம், வாய்க்காலும் அவைதாம்.

அந்தப் பதினெட்டையும் அரை விலைக்குத் தரும்படி கேட்டார் அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி வில்லவராயர்.

"அரை விலைக்கு அரைக் கோழிதான் வரும், ஐயா. தலைப்பக்கம் வேண்டுமா, வால்பக்கம் வேண்டுமா?" என்றாள் ஒச்சாயி.

சந்தையே சிரித்தது. வில்லவராயர் சிரிக்கவில்லை.

சில நாளில் அரண்மனைக்கென்று அவளிடமே ஒரு சிவப்புக் கோழி வாங்கப்பட்டது. நாள்தோறும் வந்து அதைப் பேணும் பொறுப்பும் அவளுக்கே விதிக்கப்பட்டது. பதினைந்து முட்டை இட்டபின் கோழி நிறுத்திவிட்டது. கூட்டில் உட்கார்ந்தது, எழவில்லை.

"அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்கும் நினைப்பு வந்துவிட்டால் முட்டை வராது. வெளியே எடுத்து விடுங்கள்" என்றாள் ஒச்சாயி.

வில்லவராயர் அதை எடுக்க விடவில்லை. இருபது நாள் பொறுத்திருந்து மன்னரிடம் போனார்.

"மன்னா, கோழி இரவும் பகலும் கூட்டிலேயே இருக்கிறது. கூட்டிலிருக்கும் கோழி முட்டையிடாமல் வேறென்ன செய்யும்? ஆனால் இருபது நாளாக ஒரு முட்டையும் வரவில்லை. அந்தக் கூட்டில் கை வைப்பவள் ஒருத்திதான்."

மன்னருக்கு இந்தத் தருக்கத்தில் பழுதேதும் தெரியவில்லை. ஒச்சாயி அழைத்து வரப்பட்டாள்.

"இருபது நாள் முட்டை எங்கே?"

"இடவில்லை, மகாராசா."

"இடாத கோழி கூட்டில் ஏன் இருக்கிறது?"

"அதற்கு இருக்கத் தோன்றுகிறது, மகாராசா."

மன்னர் இதை விடையாக ஏற்கவில்லை. "நாளை உச்சிப்பொழுதுக்குள் இதே கோழி இட்ட இருபது முட்டைகள் இங்கே வர வேண்டும். வராவிட்டால் உன் பதினெட்டுக் கோழிகளும் அரண்மனைக்குச் சேரும்."

ஒச்சாயி அழவில்லை. அழுதால் முட்டை வராது என்பதை அவள் அறிவாள்.

மறுநாள் கூடையோடு வந்தவளை அவை வாயிலில் நிறுத்தினார் அம்பலத்தாடி. மன்னரிடம் துணிந்து பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மதியூகி அவர்.

"அக்கா, முட்டை கொண்டு வந்தாயா?"

"கோழியைக் கொண்டு வந்தேன்."

"இது இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்கும்?"

"அடியில் முட்டை இல்லாவிட்டால் கணக்கே இல்லை, சாமி. இரண்டு மாதம்கூடக் கிடக்கும். கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு கத்தும்."

அம்பலத்தாடியின் முகம் மலர்ந்தது. "இந்த இயல்பை நான் வேறெங்கோ கண்டிருக்கிறேன். உள்ளே வா."

அவையில் அவர் கைகூப்பினார். "மன்னா, உட்கார்ந்திருப்பது ஏதேனும் ஈன்றே தீர வேண்டும் என்பது தங்கள் நீதி. அதைக் கோழிக்கு மட்டும் விதித்தால் ஊரார் பாரபட்சம் என்பார்கள். அவையில் உட்கார்ந்திருப்போருக்கும் பொதுவாக்கலாமா?"

"தாராளமாக" என்றார் மன்னர். பாரபட்சம் என்ற சொல் அவருக்கு ஆகாது.

"வில்லவராயர் ஒன்பது ஆண்டுகளாக அந்த ஆசனத்தை விட்டு எழவில்லை. அவர் ஈன்றது எங்கே?"

வில்லவராயர் உப்பினார். "நான் பண்டகசாலையைக் காக்கிறேன்!"

"நெல்லை எலி தின்கிறது. கூரை ஒழுகுகிறது. எதைக் காக்கிறீர்?"

"அவற்றைப் பற்றித்தான் அமர்ந்து யோசிக்கிறேன்!"

"கோழியும் அதையேதான் செய்கிறது, மன்னா. வெறுமனே உட்கார்ந்திருப்பது இயலும் என்றால் ஒச்சாயி குற்றமற்றவள். இயலாது என்றால், இருபது முட்டையைத் தேடுமுன் இவருடைய ஒன்பது ஆண்டு உழைப்பைத் திருடியவன் யாரென்று தேட வேண்டும்."

மன்னர் கோழியைப் பார்த்தார். பிறகு வில்லவராயரைப் பார்த்தார். இருவரும் உப்பியிருந்தார்கள்.

"வெறுமனே உட்கார்ந்திருப்பது இயலும் என்றே தெரிகிறது" என்றார் மன்னர் மெதுவாக. "ஒச்சாயி, உன் கோழிகள் உனக்கே. இந்த நோய்க்கு மருந்து உண்டா?"

"உண்டு, மகாராசா. அதன் சிறகிலிருந்தே ஓர் இறகைப் பிடுங்கி மூக்குத் துளை வழியாகக் கோத்து விடுவோம். அதை உதறுவதற்கே நாளெல்லாம் அலையும். அடை மறந்துபோகும்."

மன்னரின் பார்வை வில்லவராயரின் மூக்கில் நெடுநேரம் தங்கியது. "அம்பலத்தாடி, ஓர் இறகு கொண்டு வா."

வில்லவராயர் இரு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். அவையும் உடன் சிரித்தது. ஒச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. வைத்தியத்தை அரைகுறையாகச் செய்வது அவளுக்குப் பிடிக்காது.

"இறகு மட்டும் போதாது, மகாராசா. முதலில் கூட்டைக் கலைக்க வேண்டும். உட்கார இடம் இருக்கிறவரை எந்த மருந்தும் கேட்காது."

அக்கணமே ஆசனம் அகற்றப்பட்டது. இனி அரண்மனைக்கு வேண்டிய கோழிகளையெல்லாம் ஒச்சாயியிடமே, அவள் சொன்ன விலைக்கே வாங்குவதென்று ஆணை பிறந்தது. தன் விலை மாறாது என்பதை அவள் அங்கேயே நினைவூட்டிவிட்டுப் புறப்பட்டாள்.

பன்னிரண்டாம் நாள் சிவப்புக் கோழி முட்டையிட்டது. வில்லவராயர் நின்றுகொண்டேயிருக்கிறார், அவரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.