ஆயிரத்து ஒன்பதாவது இலை

மாசாணத்தின் குடிசை இருந்த இடம் பண்ணையாருக்கு வேண்டியிருந்தது. பந்தியில் இலை போடும் அந்த ஆளைத் துரத்த ஒரு சாக்கு தேடினார். கணக்குப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிக் கொடுத்தார்.

பண்ணையார் மகள் கல்யாணத்தன்று ஊரே கூடியிருந்தது.

“ஏலே மாசாணம், உன்னையும் சேத்து ஆயிரத்து ஒன்பது பேர் சாப்பிடணும். எல்லா வரிசையிலும் இலை சமமா இருக்கணும். ஒரே வரிசையும் கூடாது, ஆளுக்கொரு வரிசையும் கூடாது. தப்பினா குடிசையைக் காலி பண்ணு.”

மாசாணம் கூழாங்கற்களை அடுக்கிப் பார்த்தார். இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று முப்பத்தொன்றுவரை போனார். ஒவ்வொரு முறையும் கல் மிஞ்சியது. அதற்குமேல் பார்க்கவில்லை. வரிசை கூடினால் வரிசைக்குள் இருக்கும் கல் முப்பத்தொன்றைத் தாண்டாது. வரிசையையும் கல்லையும் மாற்றி வைத்தால் அதுவும் பார்த்த கணக்குதான். பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண் என்பார்கள்.

“இந்த எண்ணு எதுக்கும் பிரியாது எசமான். நீங்களும் எங்ககூட உக்காந்தா ஆயிரத்துப் பத்து. பத்து வரிசை, வரிசைக்கு நூத்தியொண்ணு.”

கூட்டம் சிரிப்பை அடக்கியது. கூலியாட்களோடு பண்ணையார் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

“நான் உக்காரலைன்னா?”

“யாராவது ஒருத்தர் எந்திரிக்கணும்.”

“அப்ப நீயே எந்திரி!”

“சரி எசமான். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எண்பத்துநாலு. நீங்க சொன்னபடியே சமமாயிருச்சு. இனி குடிசை என்னுதுதானே?”

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பண்ணையார் தலையாட்டினார்.

பந்தி முடிந்தபின் மாசாணம் எச்சில் இலைகளை எண்ணி எடுத்தார். சரியாக ஆயிரத்தெட்டு இருந்தது.