வராத நோய்

"நோய் வரவே மாட்டேங்குது, மேடம்."

இதைச் சொல்லும்போதே பூங்கோதைக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் உலகமெல்லாம் நோய் வரக் கூடாது என்று கும்பிடும். கோடை விடுமுறையில் ஆராய்ச்சி பழக வந்த இந்தக் கல்லூரிப் பெண் மட்டும், அது வந்தே ஆகவேண்டும் என்று மூன்று வாரமாகத் தவம் கிடந்தாள்.

காரணம் இருந்தது. ஆய்வுப் பண்ணையின் நிலக்கடலை வயல் புள்ளி விழுந்து கருகிக்கொண்டிருந்தது. அந்த இலையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, "இதுதான் ஆள்" என்று துணிந்து சொன்னவள் அவள்.

முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தேவராஜ் சிரித்தார்.

"செத்த இலையில எத்தனையோ பூஞ்சை இருக்கும்மா. திருடன் ஓடினப்புறம் வேடிக்கை பாக்க வந்தவனைப் புடிச்சு வச்சிருக்க."

நல்ல செடியில் அதே பூஞ்சையைத் தெளித்து, அதே புள்ளி வந்தால்தான் அவள் பேச்சு எடுபடும். அதுவும் விடுமுறை முடிவதற்குள். தெளித்தாள். தொட்டிச் செடிகளோ பளபளவென்று வளர்ந்து அவள் மானத்தை வாங்கின.

"பூஞ்சை உயிரோடதான் இருக்கு, மேடம். செடியும் நல்ல செடி. இன்னும் என்னதான் செய்யறது?"

ஆய்வுக்குப் பொறுப்பான விஞ்ஞானி ஷகிலா பானு மேடம் எழுந்து போய், மூலையிலிருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.

"வேணாம், மேடம்."

"வெயில்ல வந்திருக்க. முதல்ல குடி."

குடித்தாள்.

"உங்க வீட்டுக்கு யாராவது வந்தா என்ன செய்வீங்க?"

"வாங்கன்னு கூப்பிடுவோம். உக்காரச் சொல்லுவோம். குடிக்கத் தண்ணி..."

பூங்கோதை சட்டென்று நிறுத்தினாள்.

மூன்று வாரமாக அவள் வேருக்கு மட்டும்தான் தண்ணீர் விட்டாள். இலையில் ஒரு சொட்டு நின்றாலும் துணியால் ஒற்றி எடுத்தாள். போதாததற்கு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வேறு. வருந்தி அழைத்துவிட்டு, வந்த பூஞ்சையை முளைக்க ஈரமில்லாமல் தாகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்!

டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலமே புதுத் தொட்டிச் செடிகளில் மறுபடி தெளித்தாள். இந்த முறை இலையெல்லாம் நனைய நீர் தூவி, ஒவ்வொரு தொட்டி மேலும் பாலித்தீன் பையைக் கவிழ்த்தாள். பாதித் தொட்டிகளுக்குப் பூஞ்சை இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும். தேவராஜின் வாயை அடைக்க அதுவும் வேண்டுமே.

நாட்கள் போயின. விடுமுறை முடியப் போகிற நேரம். ஒரு மாலை பண்ணையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல்.

"வந்துருச்சு! மேடம், வந்துருச்சு!"

தொட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடிவந்தாள். இலை முழுக்கப் புள்ளி.

தேவராஜ் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், வெறும் தண்ணீர் தெளித்த செடிகளை இலை இலையாகப் புரட்டினார். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

"அதே ஆள்தான்," என்றார் வெளியே வந்து. "நான்தான் தப்பா சொல்லிட்டேன்மா."

பூங்கோதைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரிப்பும் கண்ணீருமாக நின்றாள்.

மேடம் அந்தப் புள்ளி விழுந்த இலையை மெல்லத் தடவினார்.

"வரவழைக்கத் தெரிஞ்சிருச்சு. போகச் சொல்லத் தெரியுமா?"

பூங்கோதை பதில் தேடி வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே, தினமும் பொழுது சாயும்போது நடக்கிறபடி, நிலக்கடலை வயலில் ஸ்பிரிங்ளர்கள் சுழல ஆரம்பித்திருந்தன. கருகிய இலைகள் மேல் சளசளவென்று தண்ணீர் விழுந்தது. இனி விடியும்வரை அது காயாது.

தொட்டியைத் தேவராஜின் கையில் திணித்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் மோட்டார் அறையைப் பார்த்து ஓட்டமெடுத்தாள்.

"அண்ணே! நிறுத்துங்க, நிறுத்துங்க! இனிமே காலையில விடுங்க!"