அல்லி ஓடவில்லை

ஒரு காட்டில் பனி இறங்கினாலே தும்மல் காய்ச்சலும் கூடவே வந்து இறங்கிவிடும். குளத்தங்கரையில் யாராவது தும்மினால் போதும், மறுநாள் காடு முழுக்க மூக்கை உறிஞ்சும். பெரிய விலங்குகள் எப்படியோ தேறிவிடும். குட்டிகளின் பாடுதான் திண்டாட்டம்.

அந்த வருடம் மேல்மலையிலிருந்து யானைகள் ஒரு புது மருந்தைச் சுமந்து வந்தன. அதைக் குத்திவிடும் வேலை முள்ளம்பன்றிக்கு. அவளிடம் முள்ளுக்கா பஞ்சம்? காடே அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிடும். ஒரு முள்ளைப் பிடுங்குவாள், மருந்தில் தோய்ப்பாள், தொடையில் ஒரே குத்து. ஒருவருக்குக் குத்திய முள்ளை அடுத்தவருக்கு எடுக்கவே மாட்டாள்.

மருதமரத்தடியில் மான்கள் வரிசையில் நின்றன. புள்ளிமான் அல்லியும் தன் குட்டி துள்ளனோடு நின்றாள். போன பனியில் அவளுடைய மூத்த குட்டியைத் தும்மல் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. காய்ச்சலை நினைத்தாலும் பயம், முள்ளைப் பார்த்தாலும் பயம்.

அப்போது நரியார் வந்து சேர்ந்தார். பனிக்காலம் என்றால் நரியாருக்குக் கொண்டாட்டம். இருமிச் சோர்ந்த குட்டியைத் துரத்தக்கூட வேண்டாமே!

"ஐயையோ, உங்களுக்கு விஷயமே தெரியாதா?" என்றார் அவர். "இதைக் குத்திக்கொண்டால் உடம்பெல்லாம் முள் முளைக்குமாம்! அப்புறம் எந்தக் குட்டி தாயிடம் பால் குடிக்கும்?"

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. ஒரு மான் வாலைத் தூக்கினால் எல்லா மான்களும் ஓடும். எதற்கு ஓடினோம் என்று ஓடி முடித்த பிறகுதான் கேட்கும். பல நாள் அதையும் கேட்காது.

மந்தைத் தலைவர் கொம்பையா வாலைத் தூக்கினார். மந்தை பாய்ந்தது.

அல்லியின் வாலும் தானாகவே எழுந்தது. துள்ளன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, எதுக்கும்மா ஓடறோம்?"

அல்லிக்குப் பதில் தெரியவில்லை. நின்றுவிட்டாள்.

"ஏ அல்லி! மண்டையில ஒண்ணுமே இல்லையா உனக்கு? வா சீக்கிரம்!" புதருக்குப் பின்னாலிருந்து கொம்பையா கத்தினார்.

"ஒரே ஒரு கேள்வி, மாமா. கேட்டுட்டு வந்துடறேன்."

ஒரு கேள்வியோடு நின்றாளா அவள்?

"முள்ளக்கா, இதை முதல்ல யாருக்குக் குத்திப் பார்த்தாங்க?"

"மேல்மலைக் குரங்குகளுக்கு. கிழம், குஞ்சு, குட்டி எல்லாருக்கும்."

"முள் முளைச்சுதா?"

"முளைச்சா எனக்கு நல்லதுதான், பிடுங்கிக்கலாம்! முளைக்கலை. ஆனா குத்தின தொடை வலிக்கும். உட்கார முடியாது. குட்டிக்கு உடம்பு கொஞ்சம் சுடும், அப்புறம் தணிஞ்சிடும்."

"அப்போ காய்ச்சலே வராதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். சிலருக்கு வரலாம். வந்தாலும் பெரும்பாலும் உயிரைத் தொடாது."

"அடுத்த பனிக்கும் இதுவே போதுமா?"

முள்ளக்கா கொஞ்சம் யோசித்தாள். "அது எனக்குத் தெரியலை, கண்ணு. யானைங்களுக்கும் இன்னும் தெரியாது."

தெரியாது என்று அவள் சொன்னதும் அல்லியின் நெஞ்சுப் படபடப்பு சற்றே அடங்கியது. நரியாரின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, முள் முளைச்சதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தவங்க சொன்னாங்க, தங்கச்சி."

"யாரு அவங்க?"

"வேண்டியவங்கதான்."

"எங்கே இருக்காங்க?"

"அது... கீழ்க்காட்டுல. ரொம்ப தூரம். நீ போக முடியாது."

"சரி, உட்கார்ந்து விவரமாச் சொல்லுங்க. வந்ததிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே."

"பரவாயில்லை, எனக்கு நிக்கறதுதான் பிடிக்கும்."

அதற்குள் மான்கள் ஒவ்வொன்றாகப் புதரிலிருந்து எட்டிப் பார்த்தன. கொம்பையா கனைத்தார். "அட, உட்காரக்கூடப் பயப்படற நரியை இன்னைக்குத்தான்யா பார்க்கறேன்!"

மான்கள் சிரித்தன. நரியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்குப் பயம்?" என்று விறைப்பாகத் தரையில் அமர்ந்தார்.

அடுத்த நொடி அவர் ஆகாயத்தில் இருந்தார்.

"ஐயோ அம்மா! முள்ளக்கா, சாயங்காலம்தான் வலி போகும்னு சொன்னியே, அதுவரைக்கும் எப்படித் தாங்குவேன்!"

"யாருக்கும் சொல்ல வேண்டாம்னீங்க, நானும் சொல்லலை, இப்போ நீங்களே சொல்லிட்டீங்களே!" என்றாள் முள்ளக்கா.

"ஓஹோ!" என்றார் கொம்பையா. "எங்களை ஓடச் சொல்லிட்டு, நீ விடியறதுக்குள்ள வந்து முதல் ஆளாக் குத்திக்கிட்டியா?"

நரியார் பின்னங்காலைத் தூக்கியபடி மூன்று காலில் நொண்டி நொண்டி ஓடினார். அவரைப் பார்த்து யாரும் வாலைத் தூக்கவில்லை.

"எனக்கு முதல்ல குத்துங்க," என்றாள் அல்லி. "அப்புறம் என் பிள்ளைக்கு." அவளுக்குப் பின்னால் மந்தை முழுவதும் மறுபடி வரிசையில் வந்து நின்றது.

முள்ளக்கா சொன்னபடியே துள்ளனுக்கு உடம்பு சுட்டது. அல்லி அவனை நக்கிக்கொண்டே பக்கத்தில் கிடந்தாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் சூடு தணிந்தது. கண் விழித்ததும் அவன் மடியை முட்டிய முட்டில் அவளே தடுமாறிப்போனாள்.

பனி வந்தது. காய்ச்சலும் வந்தது. சில குட்டிகள் மூக்கொழுகிச் சுருண்டு படுத்தன, பிறகு எழுந்து புல் மேய்ந்தன. அந்தப் பனியில் அந்த மந்தை ஒரு குட்டியைக்கூடப் பறிகொடுக்கவில்லை. பசியோடு அலைந்த நரியார் கடைசியில் எலி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

வெயில் திரும்பிய முதல் நாள், குட்டிகள் எல்லாம் ஓடையைத் தாண்டிப் பந்தயம் விட்டன. துள்ளன் எல்லாருக்கும் முன்னால் பறந்தான். கரையில் நின்ற அல்லி, பிறந்ததிலிருந்து அவனிடம் சொல்லிவந்த "மெல்லப் போடா" என்ற சொல்லை அன்றைக்குச் சொல்லவில்லை.

"இன்னும் வேகமா, என் ராசா!" என்று கத்தினாள்.

நீதி: பயம் வந்தால் ஓடாதே, கேள்வி கேள், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்பவரை நம்பு.