சக்கரத்தின் முன் உட்கார்ந்தவர்

ஆனைமறித்தநல்லூர்ச் சிவன் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் குப்பமுத்தனார். ஆயிரம் பேர் வடம் இழுக்க, உருண்டு வரும் சக்கரத்தின் அடியில் கைநீட்டிக் கட்டையைச் செருகி, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய வேலை அது. தேர் ஓடுவது ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாள்களிலும் விடிந்ததும் தேரடிக்கு வந்துவிடுவார். பெருக்குவார், சக்கரங்களுக்கு எண்ணெய் இடுவார், ஈசன் திருவடி என்று அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சந்நிதிக்குள் அவரை யாரும் அழைத்ததில்லை. அவருக்கு அது குறையாகவும் தோன்றியதில்லை.

அந்த ஆண்டு தேருக்குப் பத்து நாள் முன்பு இரும்பு அச்சைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்க வேண்டியது, ஈரச் சாக்கைத் தட்டினாற்போல் கேட்டது. உள்ளே விரிசல். தர்மகர்த்தாவிடம் ஓடினார்.

தர்மகர்த்தா, ஆலயரத்தினம் தருமபூஷணம் சிவக்கொழுந்தனார். அந்தப் பட்டங்களை வழங்கிய சபைக்கும் அவரே தலைவர். திருவிழா அழைப்பிதழில் அவர் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. ஈசன் பெயர் இரண்டு இடத்தில். வடம் தொட மந்திரி வருவதாக ஏற்பாடு. அச்சு மாற்ற ஒரு மாதம் ஆகும், மந்திரி அதுவரை காத்திருப்பாரா? கட்டை போடுகிறவனுக்கு என்ஜினியர் பட்டம் எப்போது வந்தது என்று ஒருவர் கேட்க, சபையே சிரித்தது.

ஆனாலும் ஊர் முணுமுணுத்தது. அதனால் பூப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் தேரை விடச் சாமி உத்தரவு. வந்தது வெள்ளை. வராமல் என்ன செய்யும்? தர்மகர்த்தா சொற்படி இரண்டு பொட்டலத்திலும் குருக்கள் வெள்ளைப் பூவைத்தான் கட்டியிருந்தார். ஈசனுக்கே வேறு வழி வைக்காமல், அவரே உத்தரவிட்டார் என்று மேளம் கொட்டினார்கள். இதற்குப் பெயர் பக்தியாம்.

இந்தச் சூது குப்பமுத்தனாருக்குத் தெரியாது. மனிதர் சொல்லை மீறலாம். சாமி சொல்லை எப்படி மீறுவது? தேரை விட்டால் உயிர்கள் போகும், மறித்தால் தெய்வக் குற்றம். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று மனைவி பேச்சியம்மையாரிடம் புலம்பினார்.

அச்சு ஒடிந்தால் தேர் யார் மேல் விழும் என்று அந்த அம்மையார் கேட்டார். வடம் பிடிக்கிற சனத்தின் மேல் என்றார் இவர்.

"அதுக்கு வெள்ளப் பூக் குடுக்கிற சாமியையா இத்தன வருசம் கும்பிட்டீங்க?"

அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

தேர் நாள் காலையில் மந்திரி வந்தார். சங்கு முழங்கியது. குப்பமுத்தனார் சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கைகால் நடுங்கத்தான் செய்தது.

"ஏலே, எந்திரிக்கியா, மேல ஏத்தவா? சாமியே பூக் குடுத்தாச்சு" என்றார் தர்மகர்த்தா.

"பூ சொல்லுதது எனக்குப் புரியல மொதலாளி. அச்சு சொல்லுதது புரியுது. அதுவும் அவரு குரல்தான். தப்புன்னா அவரு என்னைய எடுத்துக்கிடட்டும். சனத்த விட்ருங்க."

ஒரு மனிதர் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்க, இழுங்கள் என்று உத்தரவிட்டார் தருமபூஷணம். பாதிப் பேர் வடத்தை விட்டுவிட்டார்கள். மீதிப் பேர் இழுத்தார்கள். அவர்களை ஈசன் மன்னிக்கலாம். நமக்கு அந்த மனம் வரவில்லை.

தேர் அரைச் சாண் அசைந்தது. சக்கரம் அவர் முதுகில் உரசிக் கட்டையில் நின்றது. அச்சு முறிந்தது. தெருவில் சனத்தின் மேல் விழுந்திருக்க வேண்டிய தேர், தேரடியை விட்டு நகராததால், சாமியைத் தேரில் ஏற்றும் பக்கத்துக் கல்மேடையில் சாய்ந்து நின்றது. ஈசன் கழுத்து மாலை நழுவி, மந்திரியையும் ஆலயரத்தினத்தையும் தாண்டி, குப்பமுத்தனார் மடியில் இறங்கியது.

தேர்த்தட்டிலிருந்த குருக்கள் இறங்கி வந்து, இரண்டும் வெள்ளைதான் என்று ஊரறியச் சொல்லி அழுதார். தாம் செய்த யாகத்தால்தான் ஊர் பிழைத்தது என்று தர்மகர்த்தா கூட்டம் போட்டுப் பேசினார். கேட்க மந்திரிகூட இருக்கவில்லை.

அஞ்ச வேண்டியவர்கள் அஞ்சாமல் திரிந்த ஊரில், நடுங்கியபடியே ஈசனை நம்பி உட்கார்ந்தவர் குப்பமுத்தனார். அவர் பாதத் தூசி நம் தலைமேல் இருக்கட்டும்.